சிரிப்பு செய்தியாகுமா?

2022 ஜனவரியில், ஜீ தமிழின் 'ஜூனியர் சூப்பர் ஸ்டார்ஸ்' நிகழ்ச்சியில், பணமதிப்பிழப்பு செய்த மன்னன் ஒருவனைக் கேலி செய்து இரு குழந்தைகள் நடித்தனர். ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விளக்கம் கேட்டுத் தொலைக்காட்சிக்கு நோட்டீஸ் அனுப்பியது. குழந்தைகளின் நகைச்சுவைக்கு அஞ்சும் அதிகாரம் கண்டனத்திற்குரியது.

ஆயினும் நம் இல்லங்களிலும் கேட்க வேண்டிய கேள்வி உண்டு. திண்டுக்கல் பேகம்பூரில் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அரசியலை இத்தகைய கேலிக் காட்சிகளின் வழியாக மட்டுமே அறிகின்றனர்? செல்லாதென அறிவிக்கப்பட்ட நோட்டுகளின் மதிப்பில் 99.3 விழுக்காடு வங்கிகளுக்கே திரும்பிவிட்டதாக ரிசர்வ் வங்கி 2018இல் வெளியிட்ட ஆண்டறிக்கை கூறுகிறது. அக்காட்சிக்குச் சிரித்தவர்களுள் இதனை அறிந்தோர் எத்தனை பேர்? சிரிப்பு மறுநாளே மறந்துபோகும். இந்த எண்ணை ஆட்சியாளராலும் மறுக்க இயலாது.

வந்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. நபி (ஸல்) அவர்கள் வேடிக்கையாகப் பேசியபோதும் உண்மையையே பேசினார்கள். கேலியையே சான்றாக ஏற்கப் பழகிய சமூகம், நாளை தன் தொப்பியும் தாடியும் கேலிக்குள்ளாகும்போது எதனைக் கொண்டு மறுக்கும்?

சிரிப்போம்; தவறில்லை. சிரித்த பின் நாளேட்டைத் திறந்து சரிபார்க்கவும் பிள்ளைகளைப் பழக்குவோம், இன்ஷா அல்லாஹ்.