குகைக்குள் இளைஞரை அழைத்துச் செல்லலாமா?

குகையைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள. அளை என்றும், முழை என்றும், விடர் என்றும், பிலம் என்றும் நம் முன்னோர் வழங்கினர். இவை யாவும் ஒரே பொருள் தருவன போல அகராதியில் வரிசையாக நின்றாலும், ஆட்சியில் வேறுபாடு உண்டு. மலைப்பிளவாகிய விடர் வேறு. விலங்கு பதுங்கும் முழை வேறு. நிலத்தின் உள்ளே நெடுந்தொலைவு செல்லும் பிலம் வேறு. மலையை நாள்தோறும் கண்டு வாழ்ந்தவர்க்கு இவ்வேறுபாடு தேவையாக இருந்தது. இன்று வகுப்பில் இச்சொற்களை விளக்க முற்படுகையில், மாணவர் கண்முன் தோன்றுவது ஏதேனும் ஒரு திரைப்படக் காட்சியே. அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. குகையைக் காட்டாமல் குகைக்குரிய சொற்களை மட்டும் காட்டுபவர்கள் நாம்தாமே!

கிட்கிந்தா காண்டத்தில் வானரர் பிலத்துள் புகும் பகுதியைப் பாடம் சொல்லும்போதெல்லாம் ஒரு செய்தி என் நெஞ்சைத் தொடும். இருள் செறிந்த பிலத்தில் வழி அறியாது வானரர் கலங்குகின்றனர். அனுமன் அவர்களைத் தேற்றி, தன் வாலை முறையாகப் பற்றிக்கொண்டு விடாது வருமாறு கூறுகிறான். பின்னர் முன்னே நீளும் வழியைக் கையால் தடவித் தடவி நடக்கிறான். இருளுள் செல்லும் ஒரு கூட்டத்திற்கு வேண்டியன இரண்டையும் கம்பர் இங்கே காட்டிவிடுகிறார்: பின்வருவோர் பற்றுவதற்கு ஒரு பிடி, முன்செல்வோனுக்குத் தடவிப் பார்க்கும் பொறுமை. இப்பகுதியை நான் நடத்திய ஒருநாள், வகுப்பு முடிந்தபின் ஒரு மாணவன் தனியே வந்து நின்றான். அவன் சொன்ன செய்தியே இக்கட்டுரைக்குக் காரணம்.

அதற்கு முந்திய ஆண்டு அவனும் நண்பர் மூவரும், தேர்வுக்குக் கூடிப் படிக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, மலைப்பகுதி ஒன்றில் அடைத்து வைக்கப்பட்டிருந்த குகைக்குச் சென்றிருக்கின்றனர். கைப்பேசி விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் அவர்களிடம் இல்லை. காலில் இருந்தது செருப்பு. உள்ளே ஒருவன் சறுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தது. மூவரும் அவனைத் தூக்கி வெளியே கொண்டுவர நான்கு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. வீட்டில் மோட்டார் சைக்கிள் விபத்து என்று கூறிவிட்டனர். "நாங்கள் எங்கே போகிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது ஐயா. வெளியே வர முடியாமல் போயிருந்தால் எங்களை எங்கே தேடுவது என்றுகூட யாருக்கும் தெரிந்திருக்காது" என்றான். நான் சினந்து சில சொற்கள் கூறினேன். அவன் அமைதியாகக் கேட்டுவிட்டு, "யாராவது முறையாக அழைத்துப் போயிருந்தால் நாங்கள் ஏன் திருட்டுத்தனமாகப் போகிறோம்?" என்று கேட்டான். எனக்கு விடை தோன்றவில்லை.

நாம் இதுவரை அறிந்த விடையெல்லாம் கம்பி வேலிதான். கொடைக்கானலில் 1991-இல் வெளிவந்த குணா திரைப்படத்தின் பெயரால் வழங்கும் குகைப் பகுதியை எடுத்துக்கொள்வோம். அங்கே பாறைகளுக்கு இடையே ஆழ்ந்த பிளவுகள் உள. 2006-இல் கேரளத்து மஞ்சும்மலிலிருந்து வந்த இளைஞர் குழுவில் ஒருவர் அத்தகைய பிளவில் விழ, நண்பர் ஒருவரே கயிற்றின் துணையோடு இறங்கி அவரை மீட்டார். 2024-இல் அந்நிகழ்ச்சி மலையாளத் திரைப்படமாக வந்தது. படத்தைப் பார்த்தவர்கள் அச்சம் கொண்டு விலகியிருக்க வேண்டும். ஆனால் தடை செய்த பகுதிக்குள் நுழைந்த இளைஞர்கள் கைது செய்யப்பட்டனர் என்ற செய்தியை அவ்வாண்டிலேயே நாளிதழ்களில் படித்தோம். வேலி வேண்டாம் என்று நான் கூறவில்லை. அவ்விடத்திற்கு வேலி மிகவும் வேண்டும். வேலி ஓரிடத்தைக் காக்கலாம். இருளைக் காண வேண்டும் என்ற இளைஞரின் வேட்கையை அது எவ்வாறு அணைக்கும்?

தாய்லாந்து நாட்டு தாம் லுவாங் குகை நிகழ்ச்சியை உலகமே அறியும். 2018 ஜூன் 23 அன்று, காற்பந்துப் பயிற்சி முடிந்தபின், 11 முதல் 16 வயது வரையிலான பன்னிரு சிறுவர்களும் 25 வயதான துணைப் பயிற்சியாளரும் அக்குகைக்குள் சென்றனர். ஒருமணி நேரத்தில் திரும்பிவிடுவதே அவர்கள் எண்ணம். மழைநீர் பெருகி வழியை அடைத்துவிட்டது. ஜூலை முதல் நவம்பர் வரை வெள்ள அபாயம் உண்டு என்று குகை வாயிலில் எச்சரிக்கைப் பலகை இருந்தது. அவர்கள் சென்றதோ ஜூன் மாதம்! பலகை எழுதியவர்கள் மாதத்தைக் கணக்கிட்டனர். அவ்வாண்டு மழை முந்திக்கொண்டது. அப்பயிற்சியாளர்மீது பழி சுமத்த எனக்கு மனம் வரவில்லை. உள்ளே அகப்பட்டபின் சிறுவர்களின் மனத்தை நிலைப்படுத்தி, கலங்கிய வெள்ளத்தை விடுத்துப் பாறையில் கசியும் நீரைப் பருகச் செய்தவர் அவரே. எனினும் அன்பு வேறு, குகையறிவு வேறு.

ஒன்பது நாள் கழித்து, ஜூலை 2 அன்று, குகை வாயிலிலிருந்து ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் உள்ளே அவர்களை முதலில் கண்டவர்கள் இங்கிலாந்திலிருந்து வந்த ரிக் ஸ்டாண்டன், ஜான் வொலாந்தன் என்ற இருவர். இவர்கள் படைவீரர்கள் அல்லர். முன்னவர் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். பின்னவர் கணினித் துறையில் பணியாற்றுபவர். குகைகளில் நீந்துவது இருவருக்கும் பொழுதுபோக்கு. இத்தகைய 'வெட்டிப் பொழுதுபோக்கு' உடையவர்களை நம் ஊரில் உறவினர்கள் என்ன பாடுபடுத்துவார்கள் என்பதை எண்ணிப் பார்க்கிறேன். வொலாந்தன் குகைக்குள் முதன்முதல் சென்றது சிறுவனாக இருந்தபோது, சாரணர் இயக்கத்தின் வழியாக. வழிகாட்டியோடு குழுவாகச் சென்ற ஒரு சிறுவன், பல ஆண்டுகள் கழித்து, வேறொரு நாட்டில், வழியறியாது சென்ற பதின்மூவர்முன் நீரைப் பிளந்துகொண்டு எழுகிறான். இளைஞர் குகைப் பயணத்தால் என்ன பயன் என்று வினவுவோர்க்கு இதைவிடப் பெரிய விடை எனக்குத் தெரியவில்லை. ஜூலை 8 முதல் 10 வரை மூன்று நாளில் பதின்மூவரும் மீட்கப்பட்டனர். மீட்புப் பணியில் ஈடுபட்ட சமன் குனான் என்ற முன்னாள் கடற்படை வீரர் ஜூலை 6 அன்று உயிர் நீத்தார் என்பதையும் மறக்கலாகாது.

இங்கே நான் ஓர் எதிர்வாதத்தை மறைத்துவிட்டால் அது நேர்மையாகாது. நியூசிலாந்தில் 2023 மே 9 அன்று, கனமழை எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாளில், பள்ளி மாணவர் குழு ஒன்று ஆபி குகைகளுக்கு அழைத்துச் செல்லப்பட்டது. உள்ளே வெள்ளம் புகுந்தது. பதினைந்து வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அது திருட்டுத்தனமான பயணம் அன்று. பெரியவர்கள் உடன் இருந்தனர். குகைப் பயணம் அங்கே பாடத்தின் ஒரு பகுதி. எனவே வழிகாட்டி ஒருவர் உடன் வந்தால் போதும் என்று நான் எழுதுவேனாயின், அந்த மாணவனின் பெற்றோர் என்னை மன்னிக்கமாட்டார்கள்.

வழிகாட்டிக்கு இருக்க வேண்டிய முதற் தகுதி குகையை அறிந்திருத்தல் என்று பலரும் கூறுவர். நான் அதனை இரண்டாவதாகவே வைப்பேன். வாயில்வரை வந்துவிட்ட மாணவர் கூட்டத்தைப் பார்த்து, "இன்று வேண்டாம், திரும்புவோம்" என்று சொல்லும் துணிவே முதற் தகுதி. வண்டிக்குப் பணம் கட்டியாயிற்று, மாணவர்கள் ஆர்வத்தோடு நிற்கின்றனர், விடுமுறையோ ஒருநாள்தான். இந்நிலையில் திரும்புவோம் என்று கூறுபவரை எவரும் பாராட்டமாட்டார்கள். சுற்றுலா அழைத்துச் சென்ற அனுபவமுள்ள ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் இந்த நெருக்கடி தெரியும்.

பிற விதிகள் எளியவை, ஆயினும் விலக்கில்லாதவை. சுண்ணாம்புக்கல் குகை மழைநீரால் உண்டானது. மண்ணின் கரியமில வாயுவை ஏற்று மெல்லிய அமிலமாகிய நீர், பாறையைக் கரைத்துக் கரைத்து வழி அமைத்தது. ஆகவே எந்தச் சுரங்கவழியும் ஒருகாலத்தில் நீரின் வழி. மழை வந்தால் அந்நீர் தன் பழைய வீட்டிற்கு உரிமையோடு திரும்பும். மேலே வானம் வெளுத்திருந்தாலும், தொலைவில் எங்கோ பெய்த மழை உள்ளே வந்து சேரலாம். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே மூன்று விளக்குகள் வேண்டும் என்பது குகையர் மரபு. தலைக்கவசம் வேண்டும். குழுவில் நால்வருக்குக் குறையலாகாது. ஒருவர் அடிபட்டால் ஒருவர் உடனிருக்க, இருவர் வெளியே செல்லலாம். எந்தக் குகை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வெளியே ஒருவரிடம் சொல்லிச் செல்ல வேண்டும். என்னிடம் வந்த மாணவனும் அவன் நண்பரும் இவற்றுள் கடைப்பிடித்தது ஒன்றே ஒன்று: நால்வராகச் சென்றது. அதுவும் தற்செயல்!

மாணவரை மட்டுமன்றிக் குகையையும் காக்க வேண்டியுள்ளது. முதுகலை மாணவரோடு மதுரையை அடுத்த மாங்குளத்திற்குச் சென்றிருந்தேன். பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் பொறித்த தமிழிக் கல்வெட்டுகள் அங்கே இயற்கையான குகைத்தளத்தில் உள. கற்படுக்கையின் ஓரத்தில் ஒருவன் கூர்ங்கல்லால் தன் பெயரைக் கீறத் தொடங்கினான். தடுத்தேன். அவன் சிரித்துக்கொண்டே, "இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பும் பெயரைத்தானே ஐயா எழுதியிருக்கிறார்கள்?" என்றான். கூர்மையான கேள்விதான்! துறவியர்க்குப் படுக்கை வெட்டிக் கொடுத்தவன் பெயரும், ஒருமணி நேரம் நின்றவன் பெயரும் ஒன்றாகுமா என்று நான் கேட்டேன். கல்லைக் கீழே போட்டுவிட்டான். திரும்பும் வழியில், பிறர் கிறுக்கியிருந்ததைக் கண்டு முதலில் வருந்தியவனும் அவனே. அவனை அங்கே அழைத்துச் செல்லாமல் நூறு அறிவிப்புப் பலகை வைத்திருந்தாலும் இம்மாற்றம் நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே.

ஆந்திரத்துப் பேலம் குகைக்கும் ஒருமுறை சென்றோம். 'பிலம்' என்ற வடசொல்லிலிருந்து வந்த பெயர் என்பர். 3229 மீட்டர் நீளம். 1982, 83 ஆண்டுகளில் கெபாவர் தலைமையில் ஜெர்மானியர் குழு விரிவாக ஆராய்ந்தது. 2002 முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. படிக்கட்டு உண்டு, மின்விளக்கு உண்டு. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து வெளியே வந்தோம். முதியவரும் குழந்தைகளும் காண அது தகுந்த ஏற்பாடு. ஆனால் இளைஞர்க்கு அது போதாது. வண்ண விளக்கொளியில் நாங்கள் பாறையைக் கண்டோம், இருளைக் காணவில்லை. ஹிராக் குகையின் தனிமையையும் தவ்ர்க் குகையின் அடைக்கலத்தையும் கேட்டு வளர்ந்த நம் மாணவர்க்கு, ஒரு குகையின் உண்மையான இருளும் அமைதியும் எத்தகையன என்பது இன்னும் தெரியாது.

அதற்கு ஏற்ற இடம் மேகாலயம். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட குகைகள் உள. காசி மொழியில் 'கிரெம்' என்றால் குகை. கிரெம் லியட் பிரா என்பது முப்பது கிலோமீட்டருக்கும் மேல் நீள்வது. மவ்ம்லு குகையில் கிடைத்த சுண்ணக்கல் முளை ஒன்றைக் கொண்டே, 4200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய புவியியல் காலத்திற்கு 2018-இல் மேகாலயக் காலம் என்று பெயரிட்டனர். ஒரு பயணி அம்முளையை நினைவுப்பொருளாக உடைத்துச் சென்றிருந்தால் என்னவாகியிருக்கும்? 1992 முதல் குளிர்காலந்தோறும் அங்கே குகை அளவைப் பயணங்கள் நடைபெற்று வந்துள்ளன. தொழிலறிந்த உள்ளூர் வழிகாட்டிகளும் இருக்கின்றனர்.

வரும் பிப்ரவரியில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் சிலரை அங்கே அழைத்துச் செல்ல இசைவு வேண்டி முதல்வர் அவர்களுக்கு விண்ணப்பம் அளித்துள்ளேன். செலவு பெரிது, இரயிலிலேயே இரண்டு நாளுக்கு மேல் கழியும். மாணவியர் ஒருவரும் பெயர் தரவில்லை. வீட்டில் விடமாட்டார்கள் என்று கேட்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டார்கள். அவர்தம் தாய்மாரை அழைத்துப் பேசுவதென்று துறையின் பேராசிரியை ஒருவர் பொறுப்பேற்றுள்ளார். மாணவர்க்கு நான் இட்ட நிபந்தனை ஒன்றே. அங்கே சென்றபின், வழிகாட்டி இன்று நுழையலாகாது என்று கூறினால், வாயிலைப் பார்த்துவிட்டு அவ்வாறே ஊர் திரும்ப வேண்டும். இதற்கு உடன்பட்டுக் கையொப்பமிட்டவர் இதுவரை பதினொருவர். முதற் கையொப்பம், கணுக்கால் முறிந்த அந்த நண்பனுடையது.