வாசிக்கிறானா, ஒப்பிக்கிறானா?



உங்கள் பிள்ளை தமிழ்ப் பாடத்தை மளமளவென்று படித்துக் காட்டுகிறானா? மகிழ்ச்சி. பக்கத்தின் நடுவே ஏதேனும் ஒரு சொல்லின் மீது விரலை வைத்து, "இது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். சட்டெனச் சொல்லிவிட்டால் கவலையில்லை. அவ்வாறின்றி, வரியின் தொடக்கத்திற்குச் சென்று முணுமுணுத்துக்கொண்டே அந்தச் சொல் வரை வந்து நிற்பானாயின், அவன் வாசிக்கவில்லை, ஒப்பிக்கிறான்.

நான்காம் வகுப்பில் என்னிடம் பயின்ற சிறுவன் ஒருவன் இப்படித்தான் மூன்றாண்டுகளை ஓட்டியிருந்தான். செவியில் விழுந்தது எதையும் மறவாதவன்; சிறு சூராக்கள் பலவும் அவனுக்கு மனப்பாடம். அந்த நினைவாற்றலே அவனது குறையை எங்கள் கண்ணுக்கு மறைத்துவிட்டது. ஒருநாள் நடத்தாத பாடமொன்றைத் திறந்து, எழுந்து நின்று படிக்கச் சொன்னேன். வாய் திறக்கவில்லை. "சோம்பேறி" என்றேன். வகுப்பு சிரித்தது. அதன்பின் ஒரு வாரம் அவன் பள்ளிக்கு வரவில்லை. வீடு தேடிச் சென்றபோது அவன் தாயார், "அஞ்சாவது முடிஞ்சதும் மாமா கடையிலே விட்டுடலாம்னு அவங்க அத்தா சொல்றாங்க டீச்சர். படிப்பு ஏறலே" என்றார். அவர்களை அவ்வாறு எண்ண வைத்ததில் எனக்கும் பங்குண்டு.

எனக்கு வழி காட்டியது, அவன் ஓதச் செல்லும் மக்தப். நாம் அனைவரும் அறிந்த இடந்தான். அங்கே முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் இரைந்து ஓதினாலும், பாடம் கேட்பது ஒவ்வொருவராகத்தான். பிள்ளை உஸ்தாதின் முன் அமர்ந்து எழுத்தைத் தொட்டுத் தொட்டு ஓத வேண்டும். நேற்றைய பாடம் திருந்தாதவரை இன்றைய பாடம் கிடையாது. பே, தே, ஸே மூன்றுக்கும் உருவம் ஒன்றே, புள்ளிதான் வேறு. அந்தப் புள்ளிகளைப் பிரித்தறிந்த கண், தமிழில் மட்டும் ஏன் தடுமாற வேண்டும்? தமிழ் வகுப்பில் நாற்பது பேரும் ஒரே குரலில் கூவுகிறோம். அவற்றுள் ஒரு குரல் வெறும் எதிரொலி என்பது யாருக்குத் தெரியும்? (அரபு வலமிருந்தும் தமிழ் இடமிருந்தும் செல்வதால் குழப்பம் என்பார் உளர். நான் அதனை ஏற்பதில்லை.)

பகலுணவுக்குப் பின் நாள்தோறும் பத்து நிமிடம் அவனைத் தனியே அமர்த்திப் பாடம் கேட்டேன். இரண்டாம் நாளே முடிச்சு தெரிந்துவிட்டது. தமிழில் 247 எழுத்துகள் என்கிறோம். பாவம், அத்தனை வடிவங்களையும் தனித்தனியே மனனம் செய்ய முயன்றிருந்தான். கா, கி, கீ வரை தடையில்லை. கொம்பு வந்ததும் திகைத்தான். 'கெ' என்பதில் கண் முதலில் காண்பது கொம்பை. நா முதலில் ஒலிக்க வேண்டியதோ ககரத்தை. 'கோழி'யில் இரட்டைக் கொம்பு முன்னும் கால் பின்னுமாக நின்று எழுத்தைச் சூழ்ந்துகொள்கின்றன. அவன் 'கே' என்று தொடங்கி, எஞ்சிய காலை என்ன செய்வதென்றறியாமல் விழித்தான். உகரமோ இன்னும் தொல்லை. கு, சு, து மூன்றும் ஒன்றுபோல் வளைவதில்லை.

அட்டையில் க, ச, ப, ம எழுதி, கொம்பையும் காலையும் தனித்துண்டுகளாக வெட்டிக் கொடுத்தேன். அவனே சேர்த்தான், அவனே பிரித்தான். தவறினால் உடனே திருத்தாமல், மனத்திற்குள் ஐந்து எண்ணும்வரை பொறுத்தேன். பெரும்பாலும் தானே திருத்திக்கொள்வான். வாய் மூடி ஐந்து எண்ணுவது ஆசிரியைக்கு எவ்வளவு கடினம் என்பது அப்போதுதான் விளங்கியது! எழுந்து நின்று படிக்கச் சொல்வதை அறவே நிறுத்தினேன்.

2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்ததும் இந்த நோக்கில்தான்.

இவ்வளவுக்குப் பின்னும் எழுத்து வசப்படாத பிள்ளைகள் உண்டு. முதலில் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். அவற்றில் குறையில்லையெனில் டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். கணக்கில் கெட்டிக்காரனாயிருந்தும் படிக்க இயலாத 14 வயதுச் சிறுவனைப் பற்றி 1896-இலேயே பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதியிருக்கிறார். அறிவுக் குறைவன்று இது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய கற்றல் குறைபாட்டையும் உள்ளடக்கியது. பிள்ளைக்குப் பெயர் வைத்துவிடுவார்களே என்று அஞ்சி மறைக்காதீர்கள். 'மக்கு' என்ற பெயரை நாம் ஏற்கெனவே வைத்துவிட்டோம்.

என் மாணவனுக்கு அவ்வளவு தூரம் செல்ல வேண்டியிருக்கவில்லை. ஐந்து மாதங்களுக்குப் பின், மூத்தவளின் திருமண அழைப்பிதழுடன் தன் அத்தாவோடு வந்தான். கடைப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. "நானே படிக்கிறேன் டீச்சர்" என்று அழைப்பிதழை விரித்து, விரல் வைத்து நிதானமாகப் படித்து வந்தவன், 'நிக்காஹ்' என்ற சொல்லின் கடைசியில் நின்றுவிட்டான். ஐந்து எண்ணினேன். மீண்டும் எண்ணினேன். அதன் பிறகே எனக்கு உறைத்தது: ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய எழுத்துகளை நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவே இல்லை.