கூலி என்பது மனிதனின் பெயரல்ல

உழைத்தவனுக்குக் கொடுக்கும் காசுக்குத் தமிழில் கூலி என்று பெயர். உழைத்தவனுக்கே அதைப் பெயராகச் சூட்டியது ஆங்கில ஏகாதிபத்தியம். ஆங்கிலத்தில் வழங்கும் அந்தச் சொல் நம் தமிழிலிருந்து போனது என்பார் உண்டு. கோலி என்ற சாதியாரின் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. மூலம் எதுவாயினும் அது செய்த வேலை ஒன்றே.

1860 நவம்பரில் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து நம்மவர்களை ஏற்றிச் சென்று தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இறக்கியது. கரும்புத் தோட்டத்துக்குப் போன அவர்கள் ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஓர் எண் கொடுக்கப்பட்டது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெயர்: கூலி. 1893-இல் அங்கே போன காந்தியடிகளுக்கும் 'கூலி பாரிஸ்டர்' என்ற பட்டமே கிடைத்தது. படிப்பும் சட்டையும் கூட அந்தச் சொல்லிலிருந்து காப்பாற்றவில்லை!

ஒருவனைப் பதினான்கு மணி நேரம் வேலை வாங்க வேண்டுமென்றால், அவனும் நம்மைப் போல் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளை என்ற நினைவு முதலில் அழிய வேண்டும். அதற்குச் சவுக்கை விட வசதியான கருவி சொல்தான்.

இந்தச் சூழ்ச்சியைப் புரிந்துகொண்ட எழுத்தாளர் முல்க் ராஜ் ஆனந்த். 1905-இல் பெஷாவரில் பிறந்தவர், 2004-இல் மறைந்தவர். 1936-இல் அவர் வெளியிட்ட நாவலுக்கு அந்த இழிசொல்லையே தலைப்பாக வைத்தார்: 'கூலி'. ஆனால் அட்டையைப் புரட்டினால் உள்ளே நிற்பவன் கூலியல்ல. முனு என்ற பெயருடைய, தாய் தகப்பனை இழந்த, காங்ரா மலைப்பக்கத்துச் சிறுவன். ஊரார் எத்தனை வசைகளால் அழைத்தாலும் எழுத்தாளர் கடைசிவரை அவனை முனு என்றே அழைக்கிறார். பறித்த பெயரைத் திருப்பிக் கொடுப்பதுதான் அவருடைய முதல் எதிர்ப்பு.

இரண்டாவது எதிர்ப்பு அவர் எழுதிய ஆங்கிலம். ஆள்பவனின் மொழியில் எழுதினார்; ஆனால் ஆள்பவனுக்குப் பிடித்த மாதிரி எழுதவில்லை. பஞ்சாபி, இந்துஸ்தானிப் பேச்சையும் பழமொழியையும் வசையையும் அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்தார். இது நல்ல ஆங்கிலமா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. தன் ஆட்சியின் கீழ் ஓர் ஏழைப் பையன் காலையிலிருந்து இரவுவரை என்னென்ன வார்த்தைகளைக் கேட்கிறான் என்பதை லண்டன் வாசகன் தன் சொந்த மொழியிலேயே கேட்க நேர்ந்தது. வழுவழுப்பான ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அந்த வாசகன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

முனு பம்பாய்க்கும் வருகிறான். வெள்ளைக்காரரின் பருத்தி ஆலையில் வேலை. அங்கே ஃபோர்மன்தான் எல்லாம்: வேலை கொடுக்கக் கமிஷன் வாங்குகிறவனும் அவன், ஒழுகும் குடிசைக்கு வாடகை வாங்குகிறவனும் அவன். பம்பாயில் வேலை தேடி அலைந்த நம் பெரியவர்களுக்கு இது கதையல்ல. தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு எழும்போது ஒரு வதந்தி கிளம்பி இந்து முஸ்லிம் கலவரமாகிறது, ஒற்றுமை சிதறுகிறது. கடைசியில் சிம்லாவில் ஒரு துரைசானிக்கு ரிக்‌ஷா இழுத்து, காசநோயில் அந்த இளம் உயிர் போகிறது.

ஆனால் ஆனந்த் வெள்ளைக்காரனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. முனுவை முதலில் வேலைக்கு வைத்துக்கொள்பவர் ஒரு வங்கிக் குமாஸ்தா, நம் நாட்டவர். வெள்ளை அதிகாரியைத் தேநீருக்கு அழைத்துக் கூனிக் குறுகி நிற்கும் அவர் வீட்டிலேதான் முனு நாளெல்லாம் ஏச்சு வாங்குகிறான். அந்த வீட்டுப் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கக் குரங்காட்டம் ஆடுகிறான். ஆட்டத்தில் ஒரு தவறு நேர்ந்ததும் உதை வாங்கி ஓடுகிறான். மேலே இருந்து வாங்கிய அவமானத்தைக் கீழே இருப்பவன் தலையில் இறக்கி வைக்கும் பழக்கம்! ஏகாதிபத்தியம் நமக்கு விட்டுச்சென்ற சொத்துகளில் மிகவும் நீடித்தது இதுதான்.

1947-இல் கொடி இறங்கியது. சொல் இறங்கியதா? பிழைக்க வந்த தமிழரையும் மலையாளியையும் கன்னடரையும் தெலுங்கரையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'மதராசி' என்றார்கள். 1960-களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னிந்தியர் கடைகள் மீது கல் விழுந்தது. கல்லுக்கு முன்னால் வந்தது சொல்தான் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அந்த வலியை அறிந்த நாம் இன்று ஒன்றைக் கேட்டாக வேண்டும். திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலும் சென்னைக் கட்டடச் சாரத்திலும் வேலை செய்யும் பீகார், ஒடிசாத் தொழிலாளியை நம் ஊரில் எப்படி அழைக்கிறார்கள்? 'வடக்கன்' என்கிறார்கள். அவனுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. ஊரில் ஒரு தாய் மணியார்டருக்குப் பதிலாக இன்று செல்போன் மணிக்குக் காத்திருக்கிறாள். தாராவியில் நமக்குச் சுடுகிற சொல் திருப்பூரில் அவனுக்குக் குளிருமா?

தோழர்களே, கூலி உயர்வுக்குப் போராடுவோம்; அது நம் உரிமை. கூடவே இதையும் செய்வோம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, அந்தத் தொழிலாளியின் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரால் அழைப்போம். நம் பிள்ளைகள் அருகில் இருக்கும்போது அழைப்போம். அவர்கள் காதில் விழட்டும்.