யானையைப் பார்க்க இரைச்சல் எதற்கு?

வில்கமுவ என்றதும் நம் பத்திரிகைகளுக்கு வஸ்கமுவக் காடும் யானை வேலியும் நினைவுக்கு வரும். இப்போது அந்த வரிசையில் ட்ரோனும் சேர்ந்துகொண்டது. யானை வருகிறதா, ட்ரோன் வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கச் சொல்பவர்கள் கமெராவின் கண்ணைப் புகழ்கிறார்கள். எத்தனை நிமிடம் பறக்கும், எவ்வளவு சத்தமிடும் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். என் சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

விடயம் சிறியதல்ல. 2023 இல் மட்டும் இலங்கையில் 450 க்கும் மேற்பட்ட யானைகள் மாண்டன. யானைகளால் 150 க்கும் மேற்பட்ட மனிதர்கள் உயிரிழந்தனர். இரவெல்லாம் பரணில் கண்விழிக்கும் விவசாயிக்குக் காட்டின் எல்லையில் யானை நிற்கிறதா என்பது ஒரு மணி நேரம் முன்னதாகத் தெரிந்தால் போதும். அரை மணி நேரத்துக்குள் மின்கலம் தீர்ந்து இறங்கிவிடும் நான்கு விசிறிக் கருவி அவருக்கு என்ன செய்யும்?

நான்கு விசிறிக் கருவி தன் முழு எடையையும் தானே தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். இறக்கை கொண்ட விமானத்துக்கு அந்தச் சுமை இல்லை. ஒன்றரைக் கிலோ எடையுள்ள மாதிரி விமானம் ஓரளவு நல்ல இறக்கையோடு பறந்தால், அதற்கு வேண்டிய உந்துவிசை எடையில் எட்டிலொரு பங்கு, அதாவது இருநூறு கிராமுக்கும் குறைவு. வினாடிக்கு 12 மீற்றர் வேகத்தில் அது வெறும் 22 வாட் வேலை. மூன்று செல் கொண்ட 5000 மில்லி அம்பியர் மணி லிதியம் பொலிமர் மின்கலத்தில் சுமார் 55 வாட் மணி இருக்கிறது. அதில் 44 ஐ மட்டும் செலவழிப்போம் என்று வையுங்கள். மோட்டாரும் புரொப்பெல்லரும் சேர்ந்து பாதித் திறனில் இயங்கினால் ஒரு மணி நேரம் பறக்கலாம். கால் திறனில் இயங்கினால் அரை மணி நேரம். விமானமும் ஒன்று, மின்கலமும் ஒன்று. தொலைந்துபோன அரை மணி நேரம் முழுக்கத் தவறான தெரிவின் விலை.

அந்தத் தவறு எப்படி நிகழ்கிறது? மோட்டாரில் எழுதியிருக்கும் 'கேவி' எண்ணைப் பார்த்து, பெரிய எண் என்றால் பெரிய பலம் என்று எண்ணிவிடுகிறோம். அது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதைச் சொல்லும் எண்; பலத்தின் அளவல்ல. 2200 கேவி மோட்டார் 11.1 வோல்ட்டில் சுமையின்றி நிமிடத்துக்கு 24,000 முறைக்கு மேல் சுழலும். அதற்கு ஐந்து அங்குலப் புரொப்பெல்லரே தாங்கும். 700 கேவி மோட்டாரோ பத்துக்கு ஆறு அங்குலப் புரொப்பெல்லரை ஆறாயிரம் சுற்றில் நிதானமாக ஓட்டும். ஆறு அங்குலம் என்பது ஒரு சுற்றுக்குச் சுமார் 15 சென்றிமீற்றர் முன்னேற்றம். வினாடிக்கு நூறு சுற்று என்றால் 15 மீற்றர். நமக்கு வேண்டிய 12 மீற்றருக்கு அது பொருந்துகிறது. நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது, கொஞ்சக் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிட எப்போதும் சிக்கனம். சிறிய மோட்டாரில் பெரிய புரொப்பெல்லரை மாட்டுவது மட்டும் கூடாது: மின்னோட்டம் இரட்டித்தால் கம்பிச்சுற்றில் வெப்பம் நான்கு மடங்காகும், மோட்டார் கருகும்.

1979 ஜூன் 12 இல் பிரயன் அலன் சைக்கிள்போல மிதித்தே ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். போல் மக்ரெடி வடிவமைத்த அந்த விமானத்துக்குக் கிடைத்தது மனிதக் கால்களின் வலு மட்டுமே. ஒரு குதிரைவலுவில் பாதிகூட இல்லை. ஆகவே புரொப்பெல்லர் பெரிதாக, மிக மெதுவாகச் சுழன்றது. மக்ரெடிக்கு வேறு வழி இருக்கவில்லை. நமக்கு மின்கலம் மலிவாகக் கிடைத்ததால் சிந்திக்க மறந்தோம்.

இரைச்சலே நல்லது என்று வாதிடுபவர்களும் உண்டு. 2017 இல் வெளியான தன்சானிய ஆய்வொன்று, ட்ரோன்களைக் கொண்டு யானைகளை வயல்களிலிருந்து விரட்ட முடிந்ததைக் காட்டியது. குழம்பிய தேனீக்களின் ஓசைக்கு இலங்கை யானைகளும் பின்வாங்குவதை 2018 இல் வெளியான ஆய்வு சொன்னது. மறுக்கவில்லை. ஆனால் விரட்டுவது ஒரு வேலை, பார்ப்பது இன்னொரு வேலை. ஹெட்டிப்பொலப் பக்கம் விரட்டப்பட்ட யானை வானத்தில் மறைந்துவிடாது. அடுத்த ஊரின் வயலில்தான் நிற்கும். பார்க்கப் போன கருவியே வெருட்டிவிட்டால், யானை எங்கே போயிற்று என்று தேட இன்னொரு கருவி வேண்டும். ஐந்து அங்குலப் புரொப்பெல்லர் இருபதாயிரம் சுற்றில் ஓடும்போது அதன் முனை வினாடிக்கு 130 மீற்றருக்கு மேல் பாய்கிறது. மேற்சொன்ன பத்து அங்குலத்தின் முனையோ 80 மீற்றர். சத்தம் முனையின் வேகத்தோடு செங்குத்தாக ஏறும்.

2020 இல் ஜனாதிபதி குழு தயாரித்த தேசிய செயற்திட்டம் ஊரையும் வயலையும் சுற்றி, மக்களே பராமரிக்கும் வேலிகளைப் பரிந்துரைத்தது. அந்த வேலிக்குத் துணையாக வானத்தில் ஒரு கண் வேண்டுமானால், வனஜீவராசிகள் திணைக்களத்தினதும் சிவில் விமான அதிகாரசபையினதும் அனுமதியோடு அதைப் பறக்கவிடட்டும். கேள்விப்பத்திரம் தயாரிக்கும் அதிகாரிகள் கமெராவின் மெகாபிக்சலுக்குக் கீழே இன்னும் மூன்று வரிகளைச் சேர்க்க வேண்டும்: மோட்டாரின் கேவி, புரொப்பெல்லரின் விட்டமும் பிட்ச்சும், சீராகப் பறக்கையில் செலவாகும் வாட். இந்த மூன்றையும் எழுதித் தர மறுக்கும் விற்பனையாளரின் விலைமனுவை அங்கேயே நிராகரிக்கலாம்.