பள்ளி நூலகத்தின் சாவி யாரிடம்?

நம்முடைய அரசுத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் நூலகம் என்பது தலைமையாசிரியர் அறையில் நிற்கும் ஓர் இரும்பு பீரோ. அது பூட்டியிருக்கும். சாவி மேசை இழுப்பறையில் கிடக்கும். தலைமையாசிரியரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தொடக்கப் பள்ளியில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தவள் நான். அந்தச் சாவி ஏன் வெளியே வருவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. நாளிதழ், பருவ இதழ், கதைப் புத்தகம் வரை அதில் என்னென்ன வேண்டும் என்றும் அதன் அட்டவணை சொல்கிறது. எத்தனை குழந்தைகளுக்கு எத்தனை ஆசிரியர் என்பதும் அதே அட்டவணையில் இருக்கிறது. ஆனால் அந்த நூலகத்தைப் பார்த்துக்கொள்வது யார் என்பது பற்றி ஒரு சொல்கூட இல்லை. 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர்கள், வகுப்புகளோ ஐந்து. பாடம் நடத்த வேண்டும், கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பதிவு போட வேண்டும், காலை உணவு சரியாக வந்ததா என்று பார்க்க வேண்டும், கூட்டங்களுக்குப் போக வேண்டும். இவற்றுக்கு நடுவே பீரோவைத் திறக்கிற வேலை யாருடைய கணக்கிலும் சேராமல் நின்றுவிடுகிறது.

நூலகர் என்றதும் புத்தகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்குபவர் என்றுதான் நினைக்கிறோம். ஏழு வயதுக் குழந்தையிடம் அந்த வேலை வேறு மாதிரியானது. முதலில் புத்தகம் குழந்தையின் கண்ணுக்கு எட்ட வேண்டும். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை முதுகுப் பக்கத்தில் இருக்கும் பெயரைப் படித்துப் புத்தகம் எடுக்காது. அட்டைப் படத்தைப் பார்த்துத்தான் எடுக்கும். அதனால் அடுக்கி வைத்தால் பயனில்லை, முகம் தெரிய வைக்க வேண்டும். புத்தகப் பூங்கொத்து திட்டத்தில் சிறு புத்தகங்கள் வந்தபோது, வகுப்பறைச் சுவரில் கயிறு கட்டி, துணி காயப்போடுவதுபோல் தொங்கவிட்டோம். கயிற்றை என் உயரத்துக்குக் கட்டிவிட்டேன். இரண்டு நாள் ஒருவரும் தொடவில்லை. மூன்றாம் நாள் இடுப்பளவுக்கு இறக்கிக் கட்டினேன். மதியத்துக்குள் பாதிப் புத்தகங்கள் பாயில் கிடந்தன.

அடுத்தது, யாருக்கு எந்தப் புத்தகம் என்று பார்ப்பது. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறது. நல்ல பெயர்கள், நல்ல பிரிவு. ஆனால் எந்தக் குழந்தை இன்று எந்தப் படியில் நிற்கிறது என்பதை அட்டையில் அச்சடிக்க முடியாது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு ‘நுழை’ புத்தகம்தான் சரியாக இருக்கும். அதை மற்றவர்கள் முன்னால் கொடுத்தால் வாங்க மாட்டான். அவனை முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டச் சொல்லி அந்தப் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும். அப்போது வாங்குவான், வீட்டில் பத்து முறை பழகிவிட்டும் வருவான். இப்படி ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வழி கண்டுபிடிப்பதுதான் நூலகரின் அன்றாட வேலை. ஒரே புத்தகத்தை ஒரு பெண் பிள்ளை மூன்று வாரம் தொடர்ந்து எடுத்துப் போனால், வேறு எடு என்று சொல்லாமல் இருப்பதும் அந்த வேலையில் சேர்ந்ததே.

வாசித்துக் காட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்க் குழந்தைக்கு அது எவ்வளவு தேவை என்பதை நாம் இன்னும் சரியாக உணரவில்லை. வீட்டில் குழந்தை பேசுகிற தமிழ் ஒன்று, புத்தகத்தில் இருக்கிற தமிழ் இன்னொன்று. அது ‘போச்சு’ என்று சொல்லும்; புத்தகம் ‘சென்றது’ என்று எழுதும். ‘நரி காட்டுக்குள் சென்றது’ என்ற வரியைத் தடங்கல் இல்லாமல் படித்து முடித்துவிட்டு, “சென்றதுன்னா என்ன டீச்சர்?” என்று கேட்ட குழந்தையை எனக்குத் தெரியும். எழுத்து அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சொல்தான் காதுக்குப் புதிது. வீட்டில் யாராவது கதைப் புத்தகம் வாசித்துக் காட்டியிருந்தால் அந்தத் தமிழ் அவளுக்கு முன்பே பழகியிருக்கும். தினசரிக் காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் தவிர அச்சடித்த தாள் எதுவும் இல்லாத வீட்டில் அது எப்படிப் பழகும்? அந்த வீட்டுக் குழந்தைக்கு எழுத்துத் தமிழைக் காது வழியாகக் கொடுக்கக்கூடிய ஒரே இடம் பள்ளிக்கூடம்தான். பாடப் புத்தகத்தை வைத்து மட்டும் அதைச் செய்ய முடியாது. பாடத்தில் கேள்வி கேட்போம் என்று குழந்தைக்குத் தெரியும். அது காதைத் தீட்டிக்கொள்ளாது, பயந்துகொள்ளும். கதை வாசிக்கும்போது கேள்வி இல்லை.

அதற்கும் ஒரு கைப்பழக்கம் வேண்டும். புத்தகத்தைக் குழந்தைகள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நாம் பக்கவாட்டில் எட்டிப் பார்த்து வாசிக்க வேண்டும். புத்தகத்தில் உள்ள சொல்லை அப்படியே வாசிக்க வேண்டும். பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொன்னால் அது கதை சொல்வதாகிவிடும். கதை சொல்வதும் நல்லதுதான், ஆனால் இந்த வேலைக்கு அது மாற்றில்லை. பக்கத்தைத் திருப்புவதற்கு முன் கொஞ்சம் நிறுத்தினால், அடுத்து என்ன என்று குழந்தைகளே சொல்வார்கள். தினமும் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை ஒரு நாளும் விடாமல் கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.

புத்தகங்களுக்கு வைத்தியமும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவின் பின் தகடு வியர்க்கும். கடைசி அடுக்கில் கரையான் ஏறும், மேலே ராமபாணப் பூச்சி இருக்கும். தை மாத வெயிலில் எல்லாவற்றையும் எடுத்து விரித்துப் போட வேண்டும். மெல்லிய கதைப் புத்தகங்களின் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுப்பக்கம் கழன்று வரும். பின்னைப் பிடுங்கிவிட்டு ஊசி நூலால் தைத்துவிட்டால் நான்கு ஆண்டுகள் தாங்கும். செலோடேப் ஒட்டவே கூடாது. கொஞ்ச நாளில் மஞ்சளாகி, பசை கசிந்து, பக்கத்து எழுத்தையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பைண்டிங் கடையில் பூச்சி வராமலிருக்கப் பசையில் துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு என்பதால் குழந்தைகள் கைபடும் புத்தகத்துக்கு வெறும் மைதாப் பசையே போதும். ஒரு சனிக்கிழமை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைத்து இதைச் சொல்லிக்கொடுத்தால், அதற்குப் பிறகு அவர்கள் கையில் புத்தகம் கிழிவது குறைந்துவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு சாவிக்கு வருகிறேன். பள்ளிக்கு வரும் ஒவ்வொரு புத்தகமும் இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. நாற்காலி, மணி, பாய் ஏறுகிற அதே முறையில்தான். தணிக்கைக்கு வருபவர் எண்ணிப் பார்ப்பார். தலைமையாசிரியர் மாறுதலாகும்போதும் ஓய்வு பெறும்போதும் எண்ணித்தான் ஒப்படைக்க வேண்டும். குழந்தை வீட்டுக்கு எடுத்துப் போன புத்தகத்தைத் தம்பி கிழிப்பான், ஆடு மேயும், குடும்பம் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போகும்போது மூட்டையோடு சேர்ந்து போய்விடும். குறையும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓய்வு பெறப்போகும் மாதத்தில், எண்ணிக்கையை நேராக்குவதற்காக நடைபாதைக் கடையில் கையில் கிடைத்த சிறு புத்தகங்களைச் சொந்தப் பணத்தில் வாங்கி வந்த ஒரு தலைமையாசிரியரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். அவர் நூலகத்தைத் திறந்து வைத்திருந்தவர். பூட்டியே வைத்திருந்தவர்களுக்கு அந்தச் செலவு வரவில்லை. இந்த ஏற்பாடு இருக்கும்வரை சாவி இழுப்பறையில்தான் இருக்கும்.

பணம் வராமல் இல்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் நூலக மானியம் உண்டு. 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ‘ஊஞ்சல்’ இதழ் கொண்டுவந்தார்கள். புத்தகத்துக்கு நிதி ஒதுக்குகிறோம், அதைக் குழந்தையின் கையில் சேர்ப்பவருக்கு ஒதுக்குவதில்லை. கிராம நூலகங்களிலும் இதையேதான் செய்தோம். 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுந்தது. முழுநேர நூலகர் இல்லாததால் பல ஊர்களில் அந்தக் கட்டடங்கள் பூட்டிக் கிடந்ததை அந்த ஊர்க்காரர்கள் அறிவார்கள்.

ஆசிரியரே செய்துவிடலாமே என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. நான் செய்தேன். ஆறு ஆண்டுகள் ஒரு பள்ளியில் கயிறும் பாயும் குழந்தைகளே எழுதும் நோட்டுமாக நூலகம் நடந்தது. மாறுதல் வந்து வேறு ஒன்றியத்துக்குப் போனேன். அடுத்த ஆண்டு ஒரு திருமணத்துக்காக அந்த ஊருக்குப் போனபோது பள்ளிக்குள் எட்டிப் பார்த்தேன். புத்தகங்கள் பீரோவுக்குள் போயிருந்தன. எனக்குப் பின் வந்தவர் நல்ல ஆசிரியர்தான். அவருக்கு வேறு எதிலோ ஈடுபாடு இருந்தது. தனி ஒருவரின் ஆர்வத்தை நம்பி நடப்பது அவரோடு போய்விடும். பணியிடம் என்று ஒன்று இருந்தால் ஆள் மாறினாலும் வேலை இருக்கும். கேந்திரிய வித்யாலயங்களில் நூலகர் என்று ஒரு பணியிடம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குத் தேவை என்று ஒப்புக்கொண்ட ஒன்று, ஊராட்சி ஒன்றியப் பள்ளிப் பிள்ளைக்கு எப்படித் தேவையில்லாமல் போகும்?

ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் ஒரு நூலகரைப் போட முடியாது என்பது எனக்கும் புரிகிறது. இருபது பிள்ளைகள் மட்டும் படிக்கும் பள்ளிகள் ஏராளம். அதற்கும் நம் மண்ணிலேயே ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு அனுப்பினார். அந்த நடமாடும் நூலகத்தைத் தொடங்கிவைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். கணித ஆசிரியராக வேலையைத் தொடங்கியவர் அவர். பள்ளி, கல்லூரி நூலகங்களுக்கென்றே 1942இல் தனி நூல் எழுதியவர். படிக்க வருபவரைத் தேடிப் புத்தகம் போக வேண்டும் என்று அவர் காலத்தில் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள்.

இன்று வண்டி கட்ட வேண்டியதில்லை. ஆசிரியர்கள் கூடுவதற்காகக் குறுவள மையங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு குறுவள மையத்துக்கு ஒரு குழந்தைகள் நூலகர் என்று போடலாம். பத்துத் தொடக்கப் பள்ளிகள் என்று வைத்துக்கொண்டால், காலையில் ஒன்று, மாலையில் ஒன்றாக வாரம் ஒருமுறை எல்லாப் பள்ளிக்கும் போய்வந்துவிடுவார். புத்தகங்களும் பள்ளிக்குப் பள்ளி மாறும். ஒரே ஐம்பது புத்தகத்தை ஐந்து ஆண்டும் புரட்ட வேண்டியிராது. அவர் வராத நாட்களில் தினசரிப் பத்து நிமிட வாசிப்பை ஆசிரியர் பார்த்துக்கொள்வார். எந்தப் புத்தகம், யாருக்கு என்பதை நூலகர் எழுதிவைத்துவிட்டுப் போவார். பொது நூலகத் துறையின் ஊர்ப்புற நூலகர்களையும் இதில் சேர்க்கலாம், ஆனால் கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியம் கொடுத்துத்தான் சேர்க்க வேண்டும். 1948இல், நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. சொத்து வரியோடு நூலக வரியை இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பணத்தில் ஒரு பங்கு தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு வர வேண்டும் என்று கேட்பது நியாயம்.

செலவில்லாமல் நாளையே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. குழந்தைகள் கைபட்டுக் கிழிந்த, தொலைந்த புத்தகங்களை ஆண்டுதோறும் கழித்துவிடத் தலைமையாசிரியருக்கு ஓர் ஆணை போதும். நூற்றுக்கு இத்தனை வரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று அதில் எழுதிவிட வேண்டும். பள்ளியை ஆய்வு செய்ய வரும் அலுவலர் இருப்புப் பதிவேட்டைக் கேட்பதற்கு முன், பிள்ளைகள் பென்சிலால் பேர் எழுதிப் புத்தகம் எடுத்துப் போகும் நோட்டைக் கேட்கட்டும். கடைசிப் பக்கத்தைப் புரட்டி, அதில் கடைசியாக எழுதிய தேதி என்ன என்று பார்க்கட்டும்.