ஐந்து வகுப்புக்கு இரண்டு டீச்சர்

ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வருகிறவர்கள் முன்னால் இந்த முறை ஆரத்தித் தட்டோடு நிற்க எனக்கு மனமில்லை. ஒரே ஒரு கேள்வியோடுதான் நிற்கப்போகிறேன். எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புகள். ஐம்பத்திரண்டு பிள்ளைகள். டீச்சர் இரண்டே பேர். மிச்சம் மூன்று வகுப்புக்கு யார் பாடம் நடத்துவது?

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில், மழை பெய்தால்தான் கடலை போட முடியும் என்கிற வறண்ட பக்கம். என் மகன் அந்தப் பள்ளியில்தான் நான்காம் வகுப்புப் படிக்கிறான். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஒரு பெற்றோர் உறுப்பினர். மாதா மாதம் கூட்டம் நடக்கும். தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, சுற்றுச்சுவர் என்று தீர்மானம் எழுதுவோம். ஒவ்வொரு முறையும் கடைசித் தீர்மானம் ஒன்றுதான்: கூடுதல் ஆசிரியர் வேண்டும். கையெழுத்துப் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்துவிட்டது.

ஒரு நாள் காலையில் வந்து பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஓர் அறையில் இருப்பார்கள். நான்கும் ஐந்தும் அடுத்த அறையில். நான்காம் வகுப்புக்குக் கணக்கு நடக்கும்போது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து பாட்டை எழுதிக்கொண்டிருப்பார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவர் தலைமை ஆசிரியர். சாக்பீஸைவிடச் செல்போன்தான் அவர் கையில் அதிக நேரம் இருக்கிறது. அவரை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகளின் வருகையைக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏற்ற வேண்டும், ஆதார் விவரம் சரிபார்க்க வேண்டும், புத்தகம், சீருடை, செருப்பு வந்த கணக்கு எழுத வேண்டும். சிக்னல் கிடைக்காமல் பள்ளி வாசல் வேப்பமரத்தடிக்கும் ரோட்டுக்கும் அவர் நடக்கிற நடையைத் தினமும் பார்க்கிறேன். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்றால் அவர் கிளம்பிவிடுவார். அன்றைக்கு ஐந்து வகுப்புக்கும் ஒரே டீச்சர். அந்த ஒருவருக்கும் காய்ச்சல் வந்தால் பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் யாராவது வருவார்கள். எங்கள் பிள்ளைகளுக்காக அந்த ஊர்ப் பிள்ளைகளின் டீச்சரைப் பிடுங்கிக்கொண்டு வருகிறார்கள்!

போன மாதம் ஒரு சாயங்காலம் என் மகனை வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுத்துகள் எல்லாம் தெரிகின்றன. வெ, ள், ள, ம் என்று விரல் வைத்துச் சரியாகச் சொல்கிறான். சேர்த்துச் சொல்லடா என்றால் என் முகத்தைப் பார்க்கிறான். நான் உதட்டை அசைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொல்கிறான். அவனுக்கு மண்டையில் ஒரு குறையும் இல்லை. சந்தையில் அரைக் கிலோ, முக்கால் கிலோ விலையை மனக்கணக்காகவே சொல்லிவிடுவான். தினமும் ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, தவறும் இடத்தில் நிறுத்தித் திருத்த ஓர் ஆள் வேண்டும். இரண்டு மூன்று வகுப்பை ஒன்றாக வைத்துக்கொண்டு மேய்க்கிற டீச்சருக்கு அந்த ஐந்து நிமிடம் எங்கிருந்து வரும்?

என் மகன் மட்டும்தான் இப்படி என்றால் என் தலையெழுத்து என்று இருந்துவிடுவேன். 2022-ல் கிராமங்களில் வீடு வீடாகப் போய் எடுத்த அசர் ஆய்வில், தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததால் வந்த வினை என்றார்கள். கொரோனாவுக்கு முன்னால், 2018-ல் எடுத்ததிலும் நூற்றுக்குப் பத்துப் பேர்தான். அதைச் சரிசெய்ய ‘எண்ணும் எழுத்தும்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். நல்ல திட்டம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று வகுப்பு, அதில் ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று நிலை, இத்தனைக்கும் ஒரே மனுஷி!

என் அம்மா பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததே இல்லை. 1990களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, பகலெல்லாம் களை வெட்டிவிட்டு ராத்திரி அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தவள். கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த கையால் கையெழுத்துப் போட்டாள். புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதை நாடே பேசிய காலம் அது. அந்தப் பெண்களில் அவளும் ஒருத்தி. பஸ்ஸில் போர்டு பார்த்து ஏறுகிறவள். இன்று பேரன் வாசிக்கத் திணறும்போது பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொடுக்கிறாள். தொண்டர்கள் வந்து, கூலி வேலை செய்த பெண்களுக்கு ராத்திரியில் சொல்லிக்கொடுக்க முடிந்தது. இத்தனை வருஷம் கழித்து, பட்டப்பகலில், அரசாங்கம் கட்டிய கட்டடத்துக்குள் அவள் பேரனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. இதை நினைத்தால் வயிறு எரிகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். 2009-ல் போட்ட கல்வி உரிமைச் சட்டம், தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் என்கிறது. அறுபத்தொன்று ஆனால் மூன்று, தொண்ணூறைத் தாண்டினால் நான்கு. தலையை எண்ணித்தான் டீச்சர். தொடக்கப் பள்ளியில் வகுப்பு எத்தனை என்று அந்தச் சட்டம் கேட்கவே இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் ஒரே வாயால் பாடம் நடத்த முடியும் என்று யார் நினைத்தார்கள்? அப்படி ஒரு பள்ளியில் தங்கள் பிள்ளையைச் சேர்த்திருப்பார்களா?

அடுத்து நடப்பதுதான் கொடுமை. இரண்டு டீச்சர்தான் என்று தெரிந்ததும், கையில் கொஞ்சம் காசு புரளுகிறவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். காலை ஏழரைக்கே மஞ்சள் வேன் ஊருக்குள் வருகிறது. என் தெருவில் தாலிக்கொடியைத் தவிர எல்லாவற்றையும் கூட்டுறவு வங்கியில் வைத்துப் பீஸ் கட்டியவர்கள் இருக்கிறார்கள். போனவர்களை நான் திட்டமாட்டேன். எனக்கும் வசதி இருந்தால் போயிருப்பேன். ஆனால் ஒவ்வொரு பிள்ளை போகும்போதும் எங்கள் பள்ளியின் தலைக்கணக்கு குறைகிறது. ஆகஸ்ட் முதல் தேதி எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிடம் நிர்ணயம் செய்கிறார்கள். குறைந்தால் உபரி என்று எழுதி, பணிநிரவலில் டீச்சரைத் தூக்கிவிடுகிறார்கள். எங்கள் பள்ளியில் மூன்று டீச்சர் இருந்து இரண்டாக ஆனது அப்படித்தான். டீச்சர் இல்லாததால் பிள்ளைகள் போனார்கள். பிள்ளைகள் போனதைக் காட்டியே இருந்த டீச்சரையும் எடுத்தார்கள். கடைசியில் ‘பிள்ளைகளே இல்லை’ என்று ஒரு நாள் பூட்டுவார்கள். 2019-ல் மாணவர் சேர்க்கை இல்லை என்று 46 பள்ளிகளை நூலகமாக மாற்றினார்களே, அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வானத்துக்கா போய்விட்டார்கள்?

டீச்சர் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். ஆசிரியர் தகுதிக்கான டெட் தேர்வில் பாஸ் ஆனவர்கள் வேலை கேட்டுச் சென்னை டி.பி.ஐ. வளாகத்தில் உட்கார்ந்து போராடுவதையும், போலீஸ் வேனில் ஏற்றப்படுவதையும் டி.வி.யில் பார்க்கிறோம். 2022 ஜூலையில் மாநிலம் முழுக்க 13,331 இடங்களுக்குத் தற்காலிக ஆசிரியர்களைப் பள்ளி மேலாண்மைக் குழுவே போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய். எங்கள் பக்கம் ஒரு பள்ளிக்கு அப்படி ஒரு பெண் வந்தாள். இரண்டு பஸ் மாறி வருவாள். பிள்ளைகள் அவள் காலைச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். சம்பளம் நேரத்துக்கு வரவில்லை. கிடைத்ததில் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போக வீட்டுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. வருஷ நடுவில் அழுதுகொண்டே நின்றுவிட்டாள். கொத்தனார் வேலைக்குப் போகிற என் தம்பி பத்துப் பதினைந்து நாளில் சம்பாதிக்கிற காசை ஒரு மாதச் சம்பளம் என்று ஒரு டீச்சருக்குக் கொடுக்க எப்படி மனம் வந்தது?

டெல்லிக்குப் போகிறேன் என்று ஓட்டுக் கேட்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் மாநிலம் கையெழுத்துப் போடவில்லை என்று 2024–25-ஆம் ஆண்டுக்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. கொள்கைச் சண்டையை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் போடுங்கள். பிள்ளைகளின் பணத்தைப் பணயமாக வைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? மாநில அரசும் டெல்லியைக் கை காட்டியே எங்களுக்குப் பதில் சொல்லி முடித்துவிட முடியாது. 2025–26 பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அந்தப் பணத்தில் எங்கள் மூன்றாம் வகுப்புக்கு ஒரு டீச்சர் வர முடியாதா?

நன்றி கெட்டவள் என்று நினைக்காதீர்கள். காலைச் சிற்றுண்டி வந்த பிறகு என் மகன் வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காருவதில்லை. அந்தப் புண்ணியம் செய்தவர்களுக்கு நல்லது நடக்கட்டும். மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகையும் எனக்கு வருகிறது. அதில் பாதிக்கு மேல் டியூஷனுக்குப் போகிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளியில் கிடைக்க வேண்டியதை வெளியில் காசு கொடுத்து வாங்குகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் என்கிறார்கள். எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் அதில் டாக்டராகிறார்கள், சந்தோஷம். மூன்றாம் வகுப்பில் வாசிக்க வராத பிள்ளை அந்த இடம் வரைக்கும் எப்படிப் போய்ச் சேரும்?

நீங்கள் வரும்போது வகுப்பறைக் கட்டிடம் கட்டிக்கொடுத்தேன், காம்பவுண்டு சுவர் எழுப்பிக்கொடுத்தேன் என்பீர்கள். எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி வருகிறது, அதில் கல்வெட்டு வைக்கலாம். டீச்சர் வந்ததற்குக் கல்வெட்டு வைக்க முடியாது. அதனால்தான் யாரும் அதைப் பேசுவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஓட்டுப்பதிவு எங்கள் பள்ளியில்தான் நடக்கும். போன தேர்தலுக்கு முன்னால் இரண்டே நாளில் சாய்தளம் போட்டார்கள், விளக்கு எரிந்தது, கழிப்பறைக்குத் தண்ணீர் வந்தது. மனது வைத்தால் எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்று அன்றைக்குத்தான் நாங்கள் பார்த்தோம். அதுவரைக்கும் எத்தனை மனு!

மேடைக்கு மேடை காமராசர் பெயரைச் சொல்கிறீர்கள். அவர் காலத்தில் கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஏழை ஜனங்கள் பெஞ்சும் கரும்பலகையும் நிலமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அரசாங்கத்திடம் பணம் இல்லாத அந்தக் காலத்தில் ஓராசிரியர் பள்ளியே ஒரு ஊருக்குப் பெரிய வரம். இன்றைக்கும் அதே கணக்கில் எங்கள் பிள்ளைகளை வைத்துவிட்டு அவர் படத்துக்கு மாலை போடாதீர்கள்.

வேட்புமனுவோடு படிவம் 26-ல் உங்கள் சொத்து, நகை, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் எழுதிக்கொடுக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று அதில் ஒரு வரி இல்லை. அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களும் மக்கள் பிரதிநிதிகளும் பிள்ளைகளை அரசுப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும், அதற்கு வழி செய்யுங்கள் என்று 2015-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. அப்படி ஒன்று நடந்தால் எங்கள் பள்ளிக்கு மறு வாரமே ஐந்து டீச்சர் வந்துவிடுவார்கள் என்று நான் அடித்துச் சொல்வேன்.

எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருமுன் பள்ளிக்கு ஒரு நடை வாருங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை அழைத்துத் தமிழ்ப் புத்தகத்தில் நான்கு வரி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நம் ஒன்றியத்தில் ஈராசிரியர் பள்ளி எத்தனை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள். ஜெயித்துப் போனால், பள்ளிக் கல்வித் துறை மானியக் கோரிக்கை வரும் நாளில் சட்டசபையில் எழுந்து, தலைக்கு இத்தனை என்ற கணக்கை மாற்றி வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று அரசாணை போடுங்கள் என்று கேட்பேன் என எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். எந்தக் கட்சி என்று நான் பார்க்கமாட்டேன். அந்தத் தாளை மேலாண்மைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டி வைப்போம். அடுத்த ஆகஸ்ட் முதல் தேதி, எங்கள் பள்ளியில் எத்தனை டீச்சர் என்று அதை எடுத்துக்கொண்டு உங்கள் அலுவலகத்துக்கே வந்து கேட்போம்.