பளபளப்புக்கு அடியில் இருக்கும் உப்பு

தூத்துக்குடியில் பழைய காரைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் முதலில் பேசுவது நிறத்தைப் பற்றித்தான். எந்தச் சிவப்பு, எத்தனை கோட், எவ்வளவு மினுமினுப்பு என்று பேச்சு ஓடும். வேலை முடிந்து வண்டி வீட்டுக்கு வந்த சில மாதங்களில் கதவின் அடிவிளிம்பிலும் மட்கார்டு ஓரத்திலும் சிறு கொப்புளங்கள் கிளம்பினால், பழி பெயிண்டர் மீது விழும். மட்டமான பெயிண்ட் என்பார்கள். பெரும்பாலும் காரணம் வேறு: பெயிண்டுக்கு அடியில் சிக்கிக்கொண்ட உப்பு.

இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போது ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் காற்றில் வருவது அது மட்டுமல்ல. மெக்னீசியம் குளோரைடும் சேர்ந்தே வருகிறது. அதற்கு 33 சதவீதம் போதும். அதாவது வெயில் கொளுத்தும் நாளிலும் தகட்டின் மீது ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் இருக்கலாம். இரும்பை அரிக்கத் துணைபோகும் குளோரைடு அந்த வேலையில் தீர்ந்துபோவதுமில்லை. அங்கேயே இருந்து அடுத்த இடத்தை அரிக்கும். பெயிண்ட் படலம் பார்வைக்குக் கெட்டியாக இருந்தாலும் நீராவியை மெல்ல உள்ளே விடும். அடியில் உப்பு இருந்தால் அது அந்த நீரை இழுத்துச் சேர்க்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் பெயிண்டைத் தூக்கிக்கொண்டு மேலே வருகிறது.

அமெரிக்காவில் பழைய காரை மாற்றியமைத்து வேகமாக ஓட்டும் ஹாட் ராட் பிரியர்களுக்கு இது பழகிய விஷயம். 1930களிலும் 40களிலும் கலிபோர்னியா இளைஞர்கள் பழைய இரண்டு கதவு ஃபோர்டு கூப்பேக்களின் மட்கார்டைக் கழற்றி, இன்ஜினை முடுக்கி ஓட்டினார்கள். 1932இல் வந்த வி8 ஃபோர்டு அவர்களுக்குச் செல்லப் பிள்ளை. 1949 முதல் யூட்டா மாநிலத்தின் பான்வில் உப்பு வெளியில் அவர்களுடைய வேகப் போட்டிகள் நடக்கின்றன. அங்கே ஓட்டிய வண்டியை விவரமறிந்தவர்கள் அப்படியே நிறுத்துவதில்லை. அடிப்பாகம்வரை நல்ல தண்ணீரில் கழுவியாக வேண்டும். அவர்களுக்குப் போட்டி நாட்களில் மட்டும் இருக்கும் உப்பு, உப்பளங்களுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே வாழும் நமக்கு வருடம் முழுக்க.

நம் ஊரில் கூப்பேக்கு நெருக்கமாக வருவது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி வடிவமைத்த இந்த இரண்டு கதவு காரை, 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் மதராஸில் தயாரித்தது. இதற்கு சேஸிஸ் தனி. பாடியைப் பகுதி பகுதியாகக் கழற்றலாம். அது பெரிய வசதி. கழற்றாமல் வெளியே மட்டும் பெயிண்ட் அடித்தால், சேஸிஸும் பாடியும் சேரும் இடங்களில் துரு தன் போக்கில் வளரும். பழைய வண்டி வாங்கும் முன் ஒரு காந்தத்தை எடுத்துத் தகட்டில் ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி கனமாக அப்பியிருக்கிறது என்று அர்த்தம்.

முறையான வரிசை இது: பழைய பெயிண்டை உலோகம்வரை எடுப்பது, அரித்த தகட்டை வெட்டிப் புதிதாக வெல்டிங் வைப்பது, நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி உடனே உலர்த்துவது, அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடிப்பது. அதன் பிறகுதான் பட்டி, சர்ஃபேசர், நிறம், கிளியர் கோட். பலர் சறுக்குவது தண்ணீரில். வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்க்கும்போது பட்டறை போர் தண்ணீரைப் பயன்படுத்துகிறார்கள். கடலோரத்தில் பல இடங்களில் அது உப்புத் தண்ணீர். தேய்க்கத் தேய்க்க உப்பை நாமே பூசுகிறோம். கடைசிக் கழுவலுக்காவது ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும், செலவு சில கேன்கள்தான். இன்னொன்று: பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன் பெயிண்டில் ஐசோசயனேட் உண்டு, அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். மூக்கில் கட்டும் துண்டு இதற்குப் போதாது.

நிறத்துக்கு வருவோம். முத்துக் குளித்த கடற்கரை என்பதாலோ என்னவோ, முத்து வெள்ளை கேட்பவர்கள் உண்டு. அந்தப் பெயிண்டில் முத்து இல்லை. முன்பு மீன் செதிலிலிருந்து எடுத்த குவானின் படிகங்கள் கலந்தார்கள். 1960களில் டைட்டானியம் டையாக்சைடு பூசிய மைக்காத் துகள் வந்தது. மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுப் பிரிவதால் வரும் மினுக்கம் முத்திலும் இதிலும் ஒன்றே. கார் கம்பெனிகள் மைக்காவைப் பரவலாக எடுத்துக்கொண்டது 1980களில். ஆகவே 1961 ஹெரால்டுக்கு அது அழகாக இருக்கலாம், அசலாக இருக்காது.

அசல் என்பதற்குச் சட்டத்திலும் இடமுண்டு. 2021இல் வந்த மத்திய விதிகளின்படி 50 வருடத்துக்கு மேற்பட்ட, சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டியை விண்டேஜ் என்று பதியலாம்; கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். அன்றாட ஓட்டத்துக்கு அதை எடுக்க முடியாது. கூரையை வெட்டி வேறு இன்ஜின் வைத்த ஹாட் ராட் இதற்குள் வராது. வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் குறுக்கே நிற்கும். நிறம் மாற்றலாம், ஆனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் பதிய வேண்டும். ராணுவத்தின் ஆலிவ் பச்சை மட்டும் கூடாது. பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் கவனிக்க.

எனவே பட்டறையில் விலை பேசும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை கோட் என்பதல்ல. பாடியைக் கழற்றுவீர்களா, எந்தத் தண்ணீரில் கழுவுவீர்கள், பிரைமர் எத்தனை மணி நேரத்தில் ஏறும் என்று கேளுங்கள். பட்ஜெட் இடித்தால் பெயிண்டில் விலை குறைந்ததை எடுங்கள். மேல் கோட்டை நாளைக்கும் மாற்றலாம். அடியில் விட்ட உப்பை எடுக்க மறுபடி மொத்தத்தையும் சுரண்ட வேண்டும்.